பசுமைக் கணிமை வேணாம், பேண்கணிமை வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பல்கலைக்கழகக் கையேட்டுக்காக கிரீன் கம்ப்யூட்டிங்குக்கு, அதாவது சுற்றுச்சூழலுக்கு கேடு குறையிற மாதிரி கம்ப்யூட்டர பயன்படுத்துறதுக்கு, தமிழ்ல என்ன போடலாம்னு இந்த குழுவுல அக்கா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, நிறைய பேர் பசுமைக் கணிமைன்னு சொல்லியிருக்கீங்க. கம்ப்யூட்டிங்குக்கு கணிமைன்னு சொல்றதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல, அது வேர் புடிச்ச சொல். பசுமைதான் இடிக்குது.

நம்ம ஊர்ல பசுமைன்னா முதல்ல நெனப்பு வர்றது பசுமைப் புரட்சி, புது ரக விதை, யூரியா, பூச்சிமருந்து. அப்புறம் 2011ல வந்த பசுமை வீடு திட்டம், சோலார் விளக்கோட புது வீடு. ரெண்டுலயும் புதுசா ஒண்ணு கொண்டாந்து வைக்கிறதுதான் பசுமை. இங்கிலீஷ்லயும் அப்படித்தான் ஆயிப்போச்சு, 1992ல அமெரிக்காவுல கரண்ட் கம்மியா இழுக்குற சாதனத்துக்கு குடுக்குற எனர்ஜி ஸ்டார் முத்திரை வந்ததுல இருந்து முத்திரை உள்ள மானிட்டர வாங்கினா வேலை முடிஞ்சுதுன்னு ஒரு எண்ணம். இந்த சொல்லை கையேட்டுல போட்டா பர்ச்சேஸ் கமிட்டிக்கு மட்டும்தான் அது புரியும், லேப்ல நிக்கிறவங்களுக்கு அதுல சேதியே இல்ல.

நான் ஒரு கல்லூரி லேப்ல சிஸ்டம் பாக்குற ஆள். ஒரு நாள் சாயங்காலம் பிளக்குல மாட்டுற மீட்டர வச்சு பாத்தேன், யாரும் தொடாம சும்மா ஓடுற ஒரு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேந்து 58 வாட், ஸ்லீப்ல போட்டா 3 வாட். எங்ககிட்ட 60 மெஷின், சாயங்காலம் அஞ்சரைல இருந்து காலைல எட்டரை வரைக்கும் 15 மணி நேரம், கணக்கு போட்டா ஒரு ராத்திரிக்கு கிட்டத்தட்ட 50 யூனிட் வீண். நம்ம நாட்டு கரண்டுக்கு ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயுன்னு வச்சா 35 கிலோ, ஒரே லேப், ஒரே ராத்திரி.

அப்போ சிக்கனக் கணிமைன்னு வைக்கலாமேன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். கரண்ட் மட்டும்னா சரி தம்பி, ஆனா ஒரு லேப்டாப்போட மொத்த உமிழ்வுல பெரும்பங்கு அதை செய்யும்போதே வந்துடுது, நாம ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடியே. அதனால இருக்குற மெஷின இன்னும் நாலு வருஷம் ஓட்டுறதுதான் பெரிய விஷயம். 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னப்ப எங்ககிட்ட இருந்த ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின்லாம் 11க்கு தகுதி இல்லன்னு ஆயிடுச்சு, 40 மெஷின் கண்டெம் லிஸ்ட்ல, அதாவது கழிச்சு கட்டுற பட்டியல்ல, ஏறிடுச்சு. தூசி தட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டி அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டு ஒண்ணை துறைத் தலைவர் எச்ஓடி சார் முன்னாடி ஓட்டி காட்டினேன். சி, பைத்தான் புரோகிராமிங் லேப் ரெண்டும் இப்ப அந்த மாதிரி மெஷின்லதான் நடக்குது. 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள்லயே மறுசுழற்சி செய்றவர் தனி, பழுது பாத்து புதுப்பிக்கிறவர் தனி, அந்த ரெண்டாவது ஆள நாம நெனைக்கிறதே இல்ல.

இந்த வேலைக்கு தமிழ்ல ஏற்கனவே ஒரு வினை இருக்கு, பேணுறது. உடம்ப பேணு, ஆட்டை பேணுன்னு சொல்றோம்ல, அதுல வச்சிருக்குறது, கவனிக்கிறது, கெடாம பாத்துக்கிறது எல்லாமே அடங்கும். அதனால என் பரிந்துரை பேண்கணிமை. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, பேணிய, பேணுகின்ற, பேணும்னு மூணு காலமும் உள்ளயே இருக்கு, நடுவுல வலி மிகாது, அதாவது க் சேராது. சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்டுக்கு இலங்கைல பேண்தகு அபிவிருத்தின்னு பாடநூல்லயே இருக்குறதால அங்க உள்ளவங்களுக்கும் அந்நியமா இருக்காது. வளம் குறையாம பாத்துக்கிற கணிமைங்கிற அர்த்தத்துல வளங்குன்றாக் கணிமையும் பொருள்ல சரிதான், ஆனா லேப் அட்டெண்டர் அண்ணன் வாயில அது ஏறாது.

ஒரு குறை இருக்கு, ஒளிச்சுக்க விரும்பல. கொம்பு மாறினா பெண்கணிமை ஆயிடும், ஃபோன்ல டைப் பண்றப்ப இது நிச்சயம் நடக்கும், தேடுறவங்களுக்கு வேற எதையோ காட்டும். அதுக்கு தலைப்புல மட்டும் பேண்தகு கணிமைன்னு முழுசா போட்டுட்டு உள்ள பேண்கணிமைன்னு எழுதலாமான்னு யோசிக்கிறேன். இலக்கணம் தெரிஞ்ச ஐயா அம்மா யாராவது இந்த ரெண்டையும் ஒரே கையேட்டுல கலந்து எழுதலாமான்னு சொல்லுங்க, அக்கா வெள்ளிக்கிழமை அச்சுக்கு குடுக்கணும்.