மறு: மறு: ட்ரையோடு–பென்டோடு சுவிட்ச், நாளை அச்சு

அன்புள்ள குழுவினருக்கு,
இ.எல்.34 என்ற வால்வு (வெற்றிடக் குழாய்) ஜோடி போட்ட ஆடியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றின் கையேட்டைத் தமிழாக்குகிறேன். முன்பலகை சுவிட்சில் மேலே பென்டோடு (வால்வு ஐந்து எலெக்ட்ரோடு உள்ளதாக வேலை செய்வது), கீழே ட்ரையோடு (மூன்று உள்ளதாக). எழுத இடம் ஒன்றரை செ.மீ.தான். ஐம்முனையம், மும்முனையம் என்று போடட்டுமா?

*

தம்பி, முனையம் என்றாலே விமான நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. எலெக்ட்ரோடு மின்வாய் என்றால் இவை ஐவாய், மூவாய். மூவேந்தர் போல மூவாய், புணர்ச்சி சரி. ‘நீ மூப்படைய மாட்டாய்’ என்றும் பொருள் வரும். இதைவிட அழகாக ஒரு சொல் அமையுமா?

*

ஐயா, வால்வு சில ஆயிரம் மணி நேரத்தில் மூத்துவிடும்!

அதைவிட, வாயை எண்ணுவதே வம்பு. சுவிட்சைத் திருப்பினால் உள்ளே இரண்டு மின்வாய் காணாமலா போகிறது? ஐந்தில் ஒன்றான அடக்குவலை எப்போதும் கேத்தோடோடு இணைந்தேதான் இருக்கும். மாறுவது இன்னொன்றான, நான்காம் பின்னில் இருக்கும் திரைவலையின் இணைப்பு மட்டும். அதற்கு நேராக உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பென்டோடு; 100 ஓம் மின்தடை வழியாக ஆனோடோடு கட்டினால் ட்ரையோடு. 35 வாட் தந்த ஜோடி 16 வாட்டுக்கு இறங்கும். அப்புறம் இரண்டுக்கும் நடுவான அல்ட்ராலீனியர் இணைப்பு இருக்கிறதே, 1951இல் ஹாஃப்லர், கெரோஸ் என்ற பொறியாளர்கள் கட்டுரையாக எழுதியது? டிரான்ஸ்பார்மர் சுற்றில் 43 சதவீதத்தில் ஒரு கம்பி எடுத்துத் திரைவலைக்குத் தருவார்கள். அதற்கு எத்தனை வாய், மூன்றேமுக்காலா? ‘திரை தனி’, ‘திரை ஒட்டு’ என்று போடுங்கள்.

*

‘திரை ஒட்டு’ என்று பார்த்தால் என் கடைக்கு வருகிறவர் செல்போன் கண்ணாடியில் ஒட்டுவது என்று நினைப்பார். ட்ரையோடு என்றே விடுங்கள், அவருக்குத் தெரியும். அது இருக்கட்டும், ஆம்ப் ஓடும்போது திருப்பக் கூடாது என்ற வரி எங்கே? உள்ளே 400 வோல்ட்.

*

இருக்கிறது அண்ணா: ‘இயங்குநிலையில் நிலைமாற்றம் செய்யற்க.’

*

அடப்பாவி. ‘ஆம்பை அணைத்துவிட்டுத் திருப்பவும்’ என்று எழுது.

*

எழுதிவிட்டேன். பலகைக்கு மூன்று பேர் முனைப் பக்கம் என்பதால் ‘ஐம்முனை’, ‘மும்முனை’ என்று, வாலில் ‘அம்’ இல்லாமல், அச்சுக்குக் கொடுத்தாயிற்று. கையேட்டுக்குள் ட்ரையோடு, பென்டோடுதான்.

*

மும்முனை என்றால் ஊரில் தேர்தல் போட்டி என்றுதான் படிப்பார்கள். மூவாயை நான் விடுவதாக இல்லை.