மார்செல் என்று பெண்பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா?

கொக்குவில்பிள்ளை: பாரிஸில் இருக்கும் தங்கச்சிக்கு மகள் பிறந்திருக்கிறாள். மகம் நட்சத்திரம், 'ம'வில் தொடங்க வேண்டும் என்று அம்மம்மா சொல்ல, அவள் மார்செல் என்று கேட்கிறாள். இணையத்தில் தேடினால் பழைய காலத்து அலைமுடி அலங்காரம்தான் வருகிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா?

சலூன்காரி_மானிப்பாய்: அந்த அலங்காரம் மார்செல் கிராத்தோ என்ற பிரெஞ்சுச் சிகையலங்காரக்காரருடைய பெயரால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூடாக்கிய இரும்புக் குறட்டால் முடியை 'எஸ்' வடிவில் படிய வளைத்தார், 1920களில் குட்டைமுடியோடு சேர்ந்து அது உலகம் முழுக்கப் பரவியது. குறட்டைத் தணலிலோ வாயு அடுப்பிலோ சூடாக்கி, தலையில் வைக்கமுன் வெள்ளைத்தாளில் வைத்துப் பார்ப்பார்கள், தாள் கருகினால் முடியும் கருகும். இப்பவும் 'பழைய ஸ்டைல்' கேட்டு வரும் மணப்பெண்களுக்கு நான் அந்த அலையைத்தான் போடுகிறேன், அவ்வளவு அழகு!

குருநகர்_அன்ரி: பிள்ளையின் பெயர் ஆண்பெயர் மார்செலின் பெண்வடிவம், எழுத்து வேறு, பிரெஞ்சில் உச்சரிப்பு ஒன்றுதான். ரோமில் வாழ்ந்து 410இல் இறந்த புனித மார்செல்லாவும் இதே பெயர்க்காரிதான். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் தெருவுக்குத் தெரு இருந்த பெயர், இப்போது குழந்தைகளுக்கு அரிது. அங்கே கேட்பவர்களுக்குப் பாட்டிமார் ஞாபகம் வரும், தலைமுடி வராது. தயங்காமல் வையுங்கள் தங்கச்சி.

கொக்குவில்பிள்ளை: நன்றி அன்ரி, நன்றி அக்கா. சரி, இன்றைக்கே அம்மம்மாவுக்குச் சொல்கிறேன்.