கண்ணாடி ஜாடிக்குள் ஒரு குளம்: கல்லூரி வகுப்பில் சூழலியல் கற்பிப்பது எப்படி?

கேள்வி – கரைமேடு

வணக்கம். கலை அறிவியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி நடத்திவருகிறேன். 1991இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை ஒட்டிக் கட்டாயமாக்கப்பட்ட பாடம் என்பதால் வணிகவியல், வரலாறு, கணிதம் என எல்லாத் துறையினரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். தனியாக ஆய்வக நேரம் கிடையாது. கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைவதில் எனக்கே நிறைவில்லை. ஆகவே சென்ற பருவத்தில் ஐந்து லிட்டர் ஜாடிகள் ஆறில் ஏரி நீரும் சேறும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியும் நத்தையும் இட்டு, ஜாடிக்கு இரண்டு கப்பி மீன்களை விட்டோம். நான்காம் நாள் காலையில் மூன்று ஜாடிகளில் மீன்கள் செத்து மிதந்தன. அத்துடன் மாணவர்களின் ஆர்வமும் போய்விட்டது. எங்கே தவறினேன்?

மறுமொழி – நீர்முள்ளி

மீன்கள் காலையில் செத்துக் கிடந்தன என்பதே முக்கியமான தடயம். இரவில் செடி, பாசி, சேற்று நுண்ணுயிர் எல்லாமே ஆக்சிஜனை உள்ளிழுக்கும். வெளியிட எதுவும் இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து ஏற்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், அது விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்துவிடும். கூடவே, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே மீன் வேண்டாம். நத்தையும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் போதும். நான்கு வாரம் ஜாடியைத் தொடாமல் விடுங்கள்.

பிறகு அளக்கத் தொடங்குங்கள். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கு ஒவ்வொரு தடவையும் 300 மில்லிலிட்டர் நீர் எடுத்தால் ஐந்து லிட்டர் ஜாடி விரைவில் வற்றிவிடும் என்பதால் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையே நான் நம்புகிறேன். பகலில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ள பி.எச். ஏறும்; இரவில் இறங்கும். விடுதி மாணவர் இருவர் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்து எழுதட்டும். மூன்று மணிக்கு ஹைட்ரில்லா இலை விளிம்பில் முத்து முத்தாகக் குமிழிகள் நிற்பதை அருகே சென்று பார்த்த மாணவருக்கு ஒளிச்சேர்க்கையை மறுபடி விளக்கத் தேவையிருக்காது.

மறுமொழி – வண்டல்

மேலே சொன்னதுடன் ஒப்பீடும் வேண்டும். ஒரே ஜாடியைப் பார்த்துக்கொண்டிருப்பது வேடிக்கை. எட்டு ஜாடிகள் வைத்து, நான்கை அப்படியே விட்டு, மற்ற நான்கில் மட்டும் பாஸ்பரஸ் உரமான சூப்பர் பாஸ்பேட்டைச் சிட்டிகை கரைத்தால்தான் அது சோதனை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973இல் சூழலியலாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தபோது அந்தப் பக்கம் மட்டுமே பாசி படர்ந்து பச்சையாயிற்று. பாசியைப் பெருக்குவது எந்தச் சத்து என்ற அதே வினாவைத்தான் உங்கள் சன்னலோரத்து ஜாடிகளும் கேட்கும். ஆனால் ஜாடியின் கண்ணாடிச் சுவரிலும் பாசி ஒட்டி வளரும், ஏரிக்கு அந்தச் சுவர் இல்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி – தாழைமடல்

நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1880களில் உருவாக்கிய சேற்றுத் தூணையும் சேர்த்துக்கொள்ளலாம். குளத்துச் சேற்றில் கிழித்த செய்தித்தாளும் முட்டை ஓடும் சிறிது ஜிப்சமும் கலந்து உயரமான கண்ணாடிக் குழாயில் நிரப்பி வெளிச்சத்தில் வைத்தால், ஆறு முதல் எட்டு வாரங்களில் அடியில் கருமையும் அதன் மேல் பச்சை, ஊதா நுண்ணுயிர் அடுக்குகளும் தெரியத் தொடங்கும். எல்லா ஜாடிகளின் வாயையும் மெல்லிய துணியால் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நீர் போதும். பருவம் முடிந்ததும் செடியையோ நத்தையையோ ஏரியில் கொட்டாமல், உலர்த்தி மண்ணில் புதையுங்கள்.

கரைமேடு

மூவருக்கும் நன்றி. மீன்களைத் தவிர்த்து எட்டு ஜாடிகளுடன் தொடங்குகிறேன். காலை, பிற்பகல் அளவுகளை வரவு செலவுப் பேரேடாக எழுதும் பொறுப்பை வணிகவியல் மாணவர்களிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சூப்பர் பாஸ்பேட்டை எந்த வாரம் இடுவது நல்லது?

வண்டல்

ஐந்தாம் வாரம். அதற்கு முன் எட்டு ஜாடிகளின் அளவுகளும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றனவா என்று பேரேட்டில் பாருங்கள். தனித்து விலகி நிற்கும் ஜாடி இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.