மறு: கன்ஜங்டிவைட்டிஸ் – வெண்படலமா, இணைப்படலமா?

அனைவருக்கும் வணக்கம். கண் நோய்கள் பற்றிய துண்டறிக்கை ஒன்றை மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்காகத் தமிழில் திருத்திக்கொண்டிருக்கிறேன். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண் சிவப்பும் சேர்ந்த கன்ஜங்டிவைட்டிஸுக்கு ‘விழி வெண்படல அழற்சி’ என்பதா, ‘இணைப்படல அழற்சி’ என்பதா என்பதுதான் கேள்வி. நான் இரண்டாவதன் பக்கம். அதனால் இந்த இழையில் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

> ‘விழி வெண்படல அழற்சி’ செய்தித்தாள்களில் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

பழகிவிட்டது, சரி. ஆனால் விழியின் வெள்ளையான, கெட்டியான வெளிச்சுவரான ஸ்கிளிராவையும் நம்மில் பலர் வெண்படலம் என்றுதான் எழுதுகிறோம். அதில் வரும் அழற்சியான ஸ்கிளிரைட்டிஸ் முற்றிலும் வேறு நோய். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, பல பேருக்கு முடக்குவாதத்தோடு சேர்ந்து வரும், கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே ஆபத்து. ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் கண் சிவப்புக்கும் இதற்கும் ஒரே பெயரா?

கீழ் இமையை விரலால் இழுத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அந்த மெல்லிய தோல்தான் கீழே இறங்கி, மடிந்து, மறுபடி மேலேறி வெள்ளை விழியையும் போர்த்துகிறது. கருவிழியின் ஓரத்தில் நின்றுவிடும். கான்டாக்ட் லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போக முடியாததற்கும் இந்த மடிப்புதான் காரணம். இமையையும் விழியையும் இணைப்பதால் இணைப்படலம். பாடநூல்களில் ஏற்கெனவே தலைகாட்டிய சொல்தான். நான் புதிதாக எதுவும் உருவாக்கவில்லை.

டிரக்கோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேல் இமையின் உட்புறத்தில் உட்காரும் நோய். திரும்பத் திரும்பத் தொற்றித் தழும்பாகி, இமை உள்பக்கம் சுருண்டு, முடிகள் கருவிழியைக் கீறிக் குருடாக்கும். இந்தியாவில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2024 அக்டோபரில்தான். இந்த நோயை விளக்கும் இடத்தில் ‘வெண்படலம்’ என்று எழுதினால், வாசிக்கிறவர் வெள்ளை விழியைத்தான் பார்ப்பார். நோய் இருக்கும் இடம் இமைக்கு அடியில்.

> மக்கள் வாயில் ‘மெட்ராஸ் ஐ’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நானும் அப்படித்தான் சொல்கிறேன், யாரும் மாறப் போவதில்லை. இப்படிப் பெயர் ஒட்டிக்கொள்வது எங்கும் உண்டு. 1969-ல் கானாவில் பரவியதை ‘அப்பல்லோ 11 நோய்’ என்றார்கள். 1971-ல் வங்காளதேசப் போர் அகதிகள் வந்த காலத்தில் மேற்கு வங்கத்தில் பரவியது, அந்தப் போரின் முழக்கமான ‘ஜொய் பாங்ளா’ ஆனது. (1918-ல் சென்னையில், இந்த நோயை உண்டாக்கும் அடினோ வைரஸைக் கண்டுபிடித்ததால் மெட்ராஸ் ஐ என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்த வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1953-ல், அமெரிக்காவில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு திசுவிலிருந்து. நம் சொற்குறிப்பில் அந்தக் கதை வேண்டாம்.)

சிக்கல் வேறு இடத்தில். மெட்ராஸ் ஐ என்றால் ஒட்டுகிற நோய். எங்கள் தெருவில் ஒரு பையன், அழகர் ஆற்றில் இறங்கும் மாதம் வந்துவிட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிவான். நூல் நூலாக இழுபடும் பீளை, இமையின் உட்புறம் கூழாங்கல் பரப்பினாற்போல் மேடுகள். பள்ளிக்கூடத்தில் “மெட்ராஸ் ஐ, ஒரு வாரம் அனுப்பாதீங்க” என்று திருப்பிவிட்டார்கள். ஒட்டவே ஒட்டாத ஒவ்வாமை அது! அவன் அம்மாவோ மெடிக்கலில் போய், “போன தடவை குடுத்த சொட்டு மருந்தே குடுங்கண்ணே, கேட்டுச்சு” என்று வாங்கிவந்தார். கேட்கத்தான் செய்யும், அது ஸ்டீராய்டு. மருத்துவர் மேற்பார்வையில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், சின்ன வயதிலேயே கண்புரை வரும்.

அதனால்தான் ‘தொற்று’ என்பதைப் பெயருக்குள் வைக்க வேண்டாம் என்கிறேன். இணைப்படல அழற்சி என்று அடிச்சொல் நிற்கட்டும். வைரஸ், பாக்டீரியா, ஒவ்வாமை எல்லாம் முன்னால் அடைமொழியாக வந்து போகட்டும். கருவிழியும் சேர்ந்து பாதித்தால் கருவிழி–இணைப்படல அழற்சி. அந்தப் பையனுக்கு இருப்பது இளவேனில் இணைப்படல அழற்சி. சித்திரையும் வைகாசியும்தானே நமக்கு இளவேனில்? இந்த ஊர் வெயிலுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

> ‘கண் வலி’ போதாதா? கண்வலிக்கிழங்கு என்றுகூடச் சொல்கிறோமே.

கிழங்குக்குப் போதும். இணைப்படல அழற்சியில் பெரும்பாலும் உறுத்தல், எரிச்சல், அரிப்புதான். நிஜமாகவே வலித்தாலோ, வெளிச்சம் தாங்காமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கோளாறு உள்ளே இருக்கலாம் என்று துண்டறிக்கையில் தனிக்கட்டம் போட்டிருக்கிறேன். ‘கண் வலி’யை நோயின் பெயராக்கினால் அந்த எச்சரிக்கையே குழம்பிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. 1993 மழைக்கால வெள்ளத்துக்குப் பிறகு கண் சிவந்து, மங்கலாகி வந்த பலரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அது எலிக்காய்ச்சல் கிருமியால் வந்த யுவியா அழற்சி, கண்ணின் உள்ளடுக்கில் வருவது, என்று தெரிந்தது. எலிக்காய்ச்சலின் தொடக்கத்திலேயே பீளை இல்லாமல் கண் சிவப்பதும் உண்டு. வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் நிற்கிறவருக்குக் காய்ச்சலோடு கண் சிவந்தால், அதை மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக் கூடாது.

இதேபோல் கண்சிவப்பு இன்னொரு நோயின் அடையாளமாக வருவதை மருத்துவர் அம்மா போன மடலில் கேட்டிருந்தார். தட்டம்மையில் இருமல், மூக்கொழுகலோடு வரும். கவாசாகி நோயில் குழந்தையின் இரு கண்ணும் சிவக்கும், பீளை தள்ளாது. எதிர்வினை மூட்டழற்சியில் மூட்டு வீக்கம், சிறுநீர் எரிச்சல், கண் சிவப்பு மூன்றும் கூட்டாக வரலாம். பச்சைக் குழந்தைக்குப் பிறந்த சில நாளில் சீழாகக் கொட்டினால் தாயிடமிருந்து வெட்டைநோய் (கொனோரியா) கிருமி வந்திருக்கலாம். கருவிழியையே துளைத்துவிடும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாய்ப்பால் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் தனிப்பெயர் தேவையில்லை. ‘தட்டம்மைசார் இணைப்படல அழற்சி’ என்று ‘சார்’ சேர்த்தால் முடிந்தது.

எனக்கு இன்னும் நல்ல தமிழ்ச்சொல் தட்டுப்படாதது இரண்டு: இணைப்படலத்தில் எழும்பும் சின்ன மேடுகளான பெப்பில்லா, ஃபாலிக்கிள். இரண்டையும் ‘கொப்புளம்’ என்று எழுதுகிறார்கள், இரண்டிலும் நீர் கோத்திருக்காது. பெப்பில்லாவின் நடுவில் ரத்தக்குழாய் மேலேறும், ஒவ்வாமையில் அதிகம். ஃபாலிக்கிளில் குழாய் ஓரத்தைச் சுற்றிப் போகும், வைரஸிலும் டிரக்கோமாவிலும் பார்க்கலாம். முதலாவதற்கு ‘முகிழ்’ என்றும் இரண்டாவதற்கு ‘நுண்மணி’ என்றும் தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.