சுயநீதி என்று எதைச் சொல்கிறோம்?

அகல்விளக்கு:
தன் நற்செயல்களை நம்பித் தன்னையே நீதிமான் என்று எண்ணிக்கொள்வதே சுயநீதி. லூக்கா 18ஆம் அதிகாரத்து உவமையில், 'நான் மற்றவர்களைப் போன்றவன் அல்ல' என்று ஜெபித்த பரிசேயனை (யூத மதச் சட்டத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட பிரிவைச் சேர்ந்தவனை) வேடதாரி என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவன் சொன்னது பொய் என்று உவமை எங்கும் கூறவில்லை. மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் பாவநிவாரண நாளில் மட்டுமே உபவாசத்தைக் கட்டாயமாக்கியிருக்க, அவன் வாரத்துக்கு இருமுறை உபவாசித்தான். சம்பாத்தியம் அனைத்திலும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுத்தான். அப்படிப்பட்டவன் நீதிமானாக்கப்படாமல் வீடு திரும்பினான். களவு செய்தவனுக்குத் தன் நிலை தெரியும். சுயநீதிக்காரனுக்கோ நோயே ஆரோக்கியமாகத் தோன்றுவதால் அவன் வைத்தியனைத் தேடுவதில்லை. வெளிப்படையான பாவங்களைவிட இதுவே ஆபத்தானது என்பேன்.

நேர்கோடு:
விளக்கத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. சபையில் கணக்குக் கேட்பவரையும் தவறான போதனையைச் சுட்டிக்காட்டுபவரையும் வாயடைக்க முதலில் எடுக்கப்படும் ஆயுதமே இந்தச் சொல்தான். கணக்குக் கேட்டு நான் எழுதிவரும் கடிதத்துக்கும், அனுப்பும் முன்பே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). அதுவும் தாழ்மைக் குறைவா?

அகல்விளக்கு:
இல்லை, சகோதரரே. மத்தேயு 7ஆம் அதிகாரம்கூடச் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கவே கூடாதென்று சொல்லவில்லை. முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு என்கிறது. மேலும், பேதுரு விலகியது பயத்தினால்தான் என்றாலும், 'நாங்கள் உங்களைப் போன்றவர்கள் அல்ல' என்றே அது அந்தப் பந்தியில் இருந்தவர்களுக்குப் பட்டிருக்கும். ஆகவே பவுல் எதிர்த்ததும் சுயநீதியின் சாயலைத்தான். அதே பவுல்தான் தம்மைப் பாவிகளில் பிரதான பாவி என்கிறார்.

நேர்கோடு:
அப்படிச் சொல்லிக்கொள்வதையும் நடிக்கலாமே! கொலோசெயர் 2ஆம் அதிகாரமே போலித் தாழ்மையைக் குறித்து எச்சரிக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவது?

மௌனராகம்:
வெளியே இருந்து அறிய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு முழு இரவு ஜெபத்தில், மற்றவர்கள் எழுந்த பின்னும் நான் முழங்காலிலேயே இருந்தேன். கண்கள் மூடியிருந்தன, காதுகளோ யாருடைய நாற்காலி முதலில் நகர்கிறது என்பதைக் குறித்துக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் அதைப் பக்தி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆதிச் சபையின் டிடாக்கே என்னும் போதனை நூல், வேடதாரிகள் திங்களும் வியாழனும் உபவாசிப்பதால், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. அதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. கிழமைதான் மாறிற்று, எண்ணிக்கை அதே இரண்டு.

நேர்கோடு:
அந்த நாற்காலிச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கிறது. கணக்குக் கேட்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் கடிதத்தின் முதல் பத்தி முழுவதும், நான் எத்தனை ஆண்டுகள் உண்மையாய் ஊழியம் செய்தேன் என்பதையே சொல்கிறது. கேள்வி இரண்டாம் பத்தியில்தான் வருகிறது. முதல் பத்தியை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.