புதுப்பிப்பு: பாய்ப்படகு பழகப் பொல்கொடவுக்கே போனோம்

கிளிநொச்சியிலிருந்து நானும் மனுசியும் பாய்ப்படகு பழகத் திருகோணமலைக்குப் போவதா, மொறட்டுவைப் பக்கம் பொல்கொட வாவிக்குப் போவதா என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

"முதலில் அலையில்லாத தண்ணீர், கடல் பிறகு" என்ற யோசனைதான் சரிவந்தது. ஆடிச் சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், மொறட்டுவைப் பக்க மேற்குக் கடல் கொந்தளித்தது. வாவியில் காற்று மட்டும்தான். "ஆளுக்கொரு படகு கேளுங்கள்" என்றவருக்குத் தனி நன்றி. ஒரே படகில் போன முதல் நாள் முழுக்கச் சண்டை.

எதிர்பாராதது: சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்புகிறது. எனக்கு அது பிடிபட இரண்டு நாள். முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்த மனுசியோ கன்னத்தில் படுகிற காற்றை வைத்தே பாயை இழுத்தாள். கவிழ்ந்தது நான்தான், மூன்று தரம். கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று பாரம் கொடுத்தால் படகு நிமிரும். மாற்றுடுப்பு இரண்டு சோடி கொண்டுபோங்கள்.