டிரெய்லரோடு பிக்ஹார்ன் மலையைத் தாண்ட எந்த ரோடு?

ரஷ்மோர் மலை பார்த்துவிட்டு யெல்லோஸ்டோன் போகிறவர்களுக்குக் குறுக்கே நிற்பது வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைத்தொடர். தாண்ட மூன்று ரோடு: யுஎஸ் 16, யுஎஸ் 14, யுஎஸ் 14ஏ. வெறும் காரில் எதில் வேண்டுமானாலும் போகலாம். பின்னால் டிரெய்லர் இருந்தால் என் ஓட்டு 16-க்குத்தான்.

மூன்றிலும் உயரமானது அதுதான். பவுடர் ரிவர் கணவாய் 9,666 அடி. அந்த எண்ணைப் பார்த்தே சிலர் பயந்து விடுகிறார்கள். ஏற்றத்தில் என்ன ஆகிவிடும்? டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். உருட்டிக்கொண்டு மெதுவாகப் போகலாம், ஒதுங்க இடம் வந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடலாம். பார்க்க வேண்டியது இறக்கத்தை. 14ஏ மேற்கே லவல் ஊரை நோக்கி இறங்கும் இடத்தில் சரிவு 10 சதவீதம் வரை போகிறது. நூறடிக்குப் பத்தடி! அதில் டிரெய்லரின் மொத்த எடையும் நம் முதுகில்தான்.

நாங்கள் 16-இல் பஃபலோ ஊரில் ஏறி டென்ஸ்லீப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினோம். இறக்கம் தொடங்கும் முன்பே டோ-ஹால் மோட் (டிரெய்லர் இழுக்கும்போது போடும் கியர் அமைப்பு) போட்டு, கியரைக் குறைத்து வைத்தேன். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் கத்தியது. "வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று வீட்டில் பதறினார்கள். கத்தட்டும், அப்போதுதான் பிரேக்குக்கு வேலை குறையும். வேகம் கூடும்போது மட்டும் ஒரே அழுத்தாக அழுத்திக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுவேன். காலை வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். டென்ஸ்லீப் ஊரில் நிறுத்தி டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். லேசான சூடுதான்.

*

அண்ணா சொல்வது சரி. நாங்கள் டிரெய்லர் இல்லாமல் லவல் பக்கமிருந்து 14ஏ-யில் ஏறினோம். எதிரே இறங்கி வந்த ஒரு டிரெய்லர் ஓரங்கட்டி நின்றிருந்தது. சக்கரத்திலிருந்து புகை. கண்ணாடியை ஏற்றியிருந்தும் பிரேக் கருகிய நாற்றம் உள்ளே வந்தது. ஆறட்டும் என்று குடும்பமே வெளியே இறங்கி நின்றது, பாவம். 14ஏ பக்கம் இருக்கும் மெடிசின் வீல் (பழங்குடிகள் கற்களால் அமைத்த பழைய சக்கரம்) பார்க்க ஆசை இருந்தால் டிரெய்லரைக் கீழே கேம்பில் விட்டுவிட்டு வெறும் வண்டியில் போய் வாருங்கள்.

*

மலையே வேண்டாம் என்றால் ஐ-90 நெடுஞ்சாலையிலேயே ஷெரிடன், பில்லிங்ஸ் வழியாகச் சுற்றி, பிரிட்ஜர், பெல்ஃப்ரை தாண்டி, யெல்லோஸ்டோனுக்குக் கிழக்கே உள்ள கோடி (Cody) ஊருக்கு இறங்கலாம். தூரம் அதிகம், ஆனால் டிரெய்லருக்குச் சுகமான வழி. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பில்லிங்ஸ் பக்கம் போனதும் யுஎஸ் 212 பேர்டூத் ரோட்டின் அழகைச் சொல்லி யாராவது இழுப்பார்கள். 10,947 அடி, கொண்டை ஊசி வளைவுகள். டிரெய்லரோடு அந்தப் பக்கம் வேண்டாம். எந்த வழியில் கோடி வந்தாலும், கிழக்கு வாசல் வழியாகப் பூங்காவுக்குள் போக சில்வன் கணவாயின் 8,524 அடியை ஏறித்தான் ஆக வேண்டும். கோடியிலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள்.